செய்தல், செய்வித்தல், உடன்படல்





நாள்தோறும் நாம் இயற்றும் எட்டுவகை அருச்சனையில் நீருக்கு அடுத்து நிற்பது சந்தனம். பிறவி வெப்பம் தணிய வேண்டும் என்னும் கருத்தோடு அதனைப் பெருமானுக்குச் சார்த்துகின்றோம். தலைமுறை தலைமுறையாகச் சார்த்தி வருகின்றோம். ஆயினும் அக்கட்டை எந்த மலையில் வளர்ந்தது, எவர் வெட்டினார், எவர் சுமந்தார், எவ்வழியாக நம் ஆலயத்துச் சந்தனக் கல்லுக்கு வந்து சேர்ந்தது என்று வினவியவர் நம்முள் எத்தனை பேர்? சட்டம், அறம், நீதி ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவினைப் பற்றி இவ்விதழில் எழுத எண்ணியபோது, நம் நினைவு ஆகமங்களுக்குச் செல்லுமுன் ஒரு சந்தனக் கட்டையில் போய் நின்றுவிட்டது. அதனைப் பிற்பகுதியில் சொல்வோம்.

சட்டம் என்பது காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுவது. சந்தன மரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் தம் சொந்த நிலத்தில், தம் வரப்பில் தானே முளைத்த சந்தன மரத்தையும் தமது என்று சொல்லிக்கொள்ள இயலாத காலம் தமிழ்நாட்டில் நெடுநாள் இருந்தது. அம்மரம் அரசுக்குரியது. 2002ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்ட பிறகே நிலத்துக்குரியவர் மரத்துக்கும் உரியவரானார். நேற்றுக் குற்றமாக இருந்தது இன்று உரிமை ஆயிற்று. அறமோ அவ்வாறு ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுவதன்று. இதனால் சிலர், “நமக்கு விரதம் போதும், அரசின் சட்டம் எதற்கு?” என்று கருதிவிடுகின்றனர். அவ்வாறு கருத நம் ஆசாரியர்கள் இடம் தரவில்லை.

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இல்லறத்தாரின் அணுவிரதங்களையும் அவற்றுக்கு நேரும் அதிசாரங்களையும் கூறுவது. தசலட்சணப் பருவத்தில் பத்து நாளும் அத்தியாயம் அத்தியாயமாக அதனைக் கேட்கின்றோம். ஏழாம் நாளன்று பெரும்பாலும் மடைப்பள்ளி வேலைகளிலேயே நம் கவனம் இருந்துவிடுகிறது என்பது வேறு. கள்ளாமை விரதத்துக்கு அங்கே ஐந்து அதிசாரங்கள் சொல்லப்பட்டுள்ளன. பிறரைத் திருடத் தூண்டுதல், திருடி வந்த பொருளை ஏற்றல், அரச நெறியை மீறுதல், அளவையிலும் நிறையிலும் ஏமாற்றுதல், போலியைக் கலந்து விற்றல் என்பன அவை. இவற்றுள் மூன்றாவது, சட்டத்தை மீறுவதையே விரதத்துக்கு ஊறு என்கிறது. அதற்கு உரை கண்ட பூச்சியபாத சுவாமிகள் சர்வார்த்த சித்தியில், பெருவிலை பெறும் பொருளை முறையல்லாத வழியில் சிறுவிலைக்குப் பெற முயல்வதனைச் சுட்டிக் காட்டுகிறார். ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற உரை அது. இரசீது இல்லாமல் வாங்குகின்றவனை அவர் நன்கு அறிந்திருக்கின்றார்!

ஆகவே அரசுக்குரிய காட்டில் சந்தன மரத்தை வெட்டுவது சட்டப்படி குற்றம். நம் விரதப்படியும் குற்றம். இதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. இதனை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். இனிச் சொல்லப்போகும் செய்தியைக் கேட்டு, “இவர் காட்டுத் திருட்டுக்குப் பரிந்து பேசுகிறார்” என்று எவரும் எண்ணலாகாது.

தருமபுரி மாவட்டத்தில் அரூருக்கு அருகே சித்தேரி மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி என்றொரு சிற்றூர் உண்டு. மலையாளிப் பழங்குடியினர் மிகுதியாக வாழும் ஊர். தருமபுரி நம்மவர்க்கு அயலூர் போலத் தோன்றலாம். ஆனால் அது பழைய தகடூர். போளூருக்கு அருகே திருமலைக்குச் சென்று வழிபட்டவர்களுக்கு அங்குள்ள கல்வெட்டு நினைவிருக்கும். சேரர் குடியில் வந்த எழினி என்பவர் அம்மலையில் எழுந்தருளுவித்த இயக்கன் இயக்கியர் திருவுருவங்கள் காலத்தால் பழுதுற்றபோது, அவற்றைச் செப்பம் செய்தவர் தகடூருக்குரிய அதிகர் குலத்து விடுகாதழகிய பெருமாள். நம் திருமலையைப் பழுது பார்த்த கை தகடூரிலிருந்து வந்த கை. அவ்வூரின் இன்பமும் துன்பமும் நமக்குத் தொடர்பற்றவை அல்ல.

1992ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள். சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினர் 155 பேரும், காவல் துறையினர் 108 பேரும், வருவாய்த் துறையினர் 6 பேருமாக 269 அரசு ஊழியர்கள் வாச்சாத்திக்குள் புகுந்தனர். ஊரார் ஆலமரத்தடிக்கு இழுத்து வரப்பட்டனர். ஆண் பெண் முதியோர் குழந்தை என்ற வேறுபாடு இன்றி அடிக்கப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன. சேமித்த தானியங்கள் பாழாக்கப்பட்டன. ஆடுகளும் கோழிகளும் கொன்று தின்னப்பட்டன. கிணற்று நீர் குடிக்கத் தகாதவாறு கெடுக்கப்பட்டது. பதினெட்டுப் பெண்கள், அவர்களுள் பள்ளிச் சிறுமியும் உண்டு, தனியே ஏரிப் பக்கம் கொண்டு செல்லப்பட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். இவ்வரியை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் கூசி மறைப்பது அப்பெண்களுக்குச் செய்யும் உதவி அன்று; அவர்களே மறைக்காமல் மன்றத்தில் நின்று சொல்லிவிட்டார்கள். பின்னர் 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் மீது வழக்குப் போட்டுச் சேலம் சிறைக்கு அனுப்பினர். எஞ்சியோர் மலைக்கு ஓடி ஒளிந்தனர். ஊர் வெறிச்சோடியது.

இப்போது அதே ஏழாம் அத்தியாயத்தை மீண்டும் விரித்துப் பாருங்கள். கள்ளாமைக்குச் சற்று முன்னே கொல்லாமை விரதத்தின் அதிசாரங்கள் வருகின்றன. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்க இயலாத சுமையை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என ஐந்து. நம் வீடுகளில் இதனை மாட்டுக்கும் வண்டிக்கும் பொருத்தியே விளக்கம் சொல்லிப் பழகிவிட்டோம். மாட்டை இறுகக் கட்டாதே, தார்க்குச்சியால் குத்தாதே, வேளைக்குத் தண்ணீர் காட்டு என்று நம் பாட்டிமார் சொன்னது இச்சூத்திரத்தையே. வாயற்ற உயிருக்கு ஆகாதென்று ஆசாரியர் விலக்கிய கொடுமைகளை வாச்சாத்தியில் மனிதர்க்கு இழைத்தனர். கட்டினர், அடித்தனர், சோற்றையும் நீரையும் கெடுத்தனர்.

ஒரே அத்தியாயம், சில சூத்திர இடைவெளியில், அரச நெறியை மீறாதே என்று குடிமகனுக்குச் சொல்கிறது. எவ்வுயிரையும் கட்டாதே, அடிக்காதே, பட்டினி போடாதே என்றும் சொல்கிறது. இரண்டாவது கட்டளை காக்கி உடை அணிந்தவனுக்குப் பொருந்தாது என்று எங்கும் எழுதப்படவில்லை. சட்டம் காக்கப்படுகிறது என்னும் பெயரால் இரண்டாவதை உடைத்தால் முதலாவதும் அங்கே உடைகிறது. ஏனெனில் நம் நாட்டுச் சட்டம் குற்றவாளியைப் பிடிக்கச் சொல்கிறதேயன்றி ஊரை இடிக்கச் சொல்லவில்லை. அன்று வாச்சாத்தியில் சட்டத்தை மிகுதியாக மீறியவர்கள் சட்டத்தின் ஊழியர்களே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். காவலர் கையில் தடி இல்லாமல் நாடு நடக்குமா? நடவாது. நம் ஆகமமும் அதனை அறியும். இம்சையை நான்காக வகுத்து, சமையலும் வீட்டு வேலையும் செய்கையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தாக்க வந்தவனைத் தடுக்கையில் நேர்வது, துன்புறுத்த வேண்டும் என்று எண்ணியே செய்வது என்று பிரித்துக் கூறினர் பெரியோர். இல்லறத்தான் முதல் மூன்றினை இயன்ற அளவு குறைக்க வேண்டும். நான்காவதை முற்றாக விலக்க வேண்டும். கட்டை கடத்துகின்றவன் அரிவாளோடு எதிர்த்தால் அவனை மடக்குவது மூன்றாம் வகை. அடுப்பங்கரையில் உள்ள தானியப் பானையை உடைப்பது எந்த வகை? சிறுமியை ஏரிக்கு இழுத்துச் செல்வது எந்த வகை? நற்காட்சி உடையவர்க்கு இதில் விடை தேட வேண்டியதில்லை.

செய்தவர்கள் ஒப்புக்கொண்டனரா? இல்லை. அப்படி ஒன்று நிகழவே இல்லை என்பதே அரசுத் தரப்பின் முதல் மறுமொழியாக இருந்தது. பொய்யாமையின் அதிசாரங்களுள் பொய் ஆவணம் புனைதலும் ஒன்று என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்ந்து மேலே செல்வோம்.

அரசின் தவறு பற்றிப் பேசும்போதெல்லாம் நம் இளங்கோவடிகள் காட்டிய பாண்டியன் நினைவுக்கு வருகின்றான். பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டு, எதிர்த் தரப்பை விசாரியாது, கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். அது சட்டப்படி செல்லும் ஆணை. அரசன் வாய்ச்சொல்லே அன்று சட்டம். ஆனால் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரல் தெறித்த அக்கணமே, தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று தெரிந்த அக்கணமே, அவன் வாதாடவில்லை, மேல்முறையீடு செய்யவில்லை, தானே குற்றவாளி என்று சொல்லி உயிர் நீத்தான். காப்பியத்து அரசனுக்கு நீதியை உணர ஒரு கணம் போதியதாக இருந்தது. வாச்சாத்தியின் பரல்கள் தெறித்துக் கிடந்தும் நம் காலத்து அரசுக்கு முப்பத்தோர் ஆண்டு தேவைப்பட்டது.

அவ்வாண்டுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் செய்தியை வெளிக்கொணர்ந்தனர். மார்க்சிய இயக்கத் தலைவர் அ. நல்லசிவன் வழக்கு மன்றத்தை நாடினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென் மண்டல இயக்குநராக இருந்த திருமதி பாமதி நேரில் சென்று கண்டறிந்து, நிகழ்ந்தது உண்மை என அறிக்கை அளித்தார். அரசு அதிகாரி ஒருவர் அரசின் மறுப்புக்கு எதிரே தாம் கண்டதை எழுதினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; வாய்மை விரதம் ஏற்றவர்கூட அவ்வளவு எளிதில் செய்யக்கூடிய செயல் அன்று அது. 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்திய புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. மறு ஆண்டே 269 பேர் மீதும் குற்றப் பத்திரிகை தாக்கலாயிற்று. அதற்குப் பிறகு வழக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. கைக்குழந்தைகளாகச் சிறை சென்றவர்கள் வளர்ந்து பெரியவர்களாயினர்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள். அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேருக்கும் தண்டனை. பாலியல் வன்கொடுமைக் குற்றத்தில் 17 பேர். அவர்களுள் 12 பேருக்குப் பத்து ஆண்டும் 5 பேருக்கு ஏழு ஆண்டும் சிறை. அவர்கள் மேல்முறையீடு செய்தனர். உயர் நீதிமன்ற நீதியரசர் பி. வேல்முருகன் 2023 மார்ச்சு மாதத்தில் தாமே வாச்சாத்திக்குச் சென்று இடத்தைப் பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள், சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, முன்னைய தீர்ப்பினை உறுதி செய்தார். பதினெட்டுப் பெண்களுக்கும் தலா பத்து இலட்சம் உரூபாய் வழங்க வேண்டும். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து திரட்ட வேண்டும் என்றார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை வேண்டும் என்றார். உண்மையான கடத்தற்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பதற்காகவே ஏழை மக்கள் பலியாக்கப்பட்டனர் என்னும் கருத்தையும் தீர்ப்பு பதிவு செய்தது.

இத்தீர்ப்புச் செய்தியைப் படித்தபோது நமக்கு மேருமந்தர புராணத்துப் பத்திரமித்திரன் நினைவு வந்தான். தன் மணிச் செப்பினைச் சத்தியகோடன் என்னும் அமைச்சனிடம் நம்பி அடைக்கலமாக வைத்தான் அவ்வணிகன். திரும்பக் கேட்டபோது, “நீ யார்? எந்த மணி?” என்றான் அமைச்சன். பெயரோ சத்தியகோடன், ஊரெல்லாம் அவனை உண்மையாளன் என்று போற்றும். வணிகனைப் பித்தன் என்று துரத்தினர். அவன் செய்தது ஒன்றே. நாள்தோறும் அரண்மனை கேட்கும்படி தன் வழக்கைச் சொல்லிக் கூவிக்கொண்டே இருந்தான். ஒரே சொல், ஒரே முறை, ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல். பித்தன் பேச்சு நாளுக்கு நாள் மாறும். இவன் பேச்சு மாறவில்லையே என்று அரசி இராமதத்தை சிந்தித்தாள். சூதாட்டத்தில் அமைச்சனை வென்று, அவன் அணிந்திருந்தவற்றை அடையாளமாக அனுப்பி மணிகளை வரவழைத்தாள். சிம்மசேன மன்னன் அவற்றைத் தன் மணிகளோடு கலந்து வைத்து, “உன்னுடையதை எடுத்துக்கொள்” என்றபோது, வணிகன் தன் மணிகளை மட்டும் எடுத்தான்.

வாச்சாத்திப் பெண்களும் அவ்வாறே கூவினர். அதிகாரி முன்னும், புலனாய்வாளர் முன்னும், குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞர் முன்னும் அதே சொல்லைச் சொல்லினர். எழுத்தறியாத மலைவாழ் பெண்ணின் சொல்லுக்கு எதிரே இருநூற்றறுபத்தொன்பது ஊழியர்களின் சொல். கேட்கும் செவி ஒன்று கிடைக்கும் வரை அவர்கள் சொல் மாறவில்லை.

இனி நாம் சொல்ல வந்த இடத்துக்கு வருகின்றோம். வினை வந்து சேரும் வழிகளைக் கணக்கிடும்போது, தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என மூன்றாகப் பகுத்தனர் நம் ஆசாரியர். கிருதம், காரிதம், அனுமோதனம் என்று ஓதுகின்றோம். பிரதிக்கிரமணத்தில் நாள்தோறும் வாய் சொல்லும் சொற்கள் இவை. வாச்சாத்தி வழக்கினை இவ்வளவையால் அளந்து பாருங்கள். 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பு, செய்தவர்களைத் தண்டித்தது. 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு, ஊருக்குள் கால் வைக்காமல் மேலே அமர்ந்திருந்த மூன்று பெரிய அதிகாரிகளையும் சுட்டியது. சட்டம் முதற்படியிலிருந்து இரண்டாம் படியை நோக்கி நகர்ந்த தொலைவே அப்பன்னிரண்டு ஆண்டுகள். நீதி என்று நாம் சொல்வது, சட்டம் அறத்தின் அளவை நோக்கி இவ்வாறு ஏறி வருவதைத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. மூன்றாம் படிக்குச் சட்டம் ஏற இயலாது. நாளேட்டைப் படித்துவிட்டு, “நன்றாக வேண்டும்” என்று மனத்துள் சொல்லிக்கொண்டவனை எந்த நீதிமன்றமும் அழைக்காது.

அழைக்கப்படாத அவர்களுள் நாமும் உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

நம் குடும்பத்தார் வழிபடும் சினாலயம் ஒன்றில், வாச்சாத்தி நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர், திருவிழாவுக்கு நல்ல சந்தனம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. தருமபுரிப் பக்கம் தொழில் நிமித்தம் சென்று வரும் அன்பர் ஒருவர் இரண்டு கட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். கடை விலையில் மூன்றில் ஒரு பங்கே ஆயிற்று என்றார். கட்டையை முகர்ந்து பார்த்த பெரியவர்கள் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம். இரசீது கேட்டவர் எவரும் இல்லை. கோயிற் கணக்கில் ‘சந்தனம்’ என்று ஒரு வரி எழுதப்பட்டதோடு சரி. அவ்வாண்டுத் திருமஞ்சனம் முடிந்து சார்த்திய சந்தனத்தின் மணம் மண்டபம் எங்கும் நிறைந்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது.

அடுத்த ஆண்டு வாச்சாத்திச் செய்தி நாளேடுகளில் வரத் தொடங்கியது. ஒரு நாள் பூசை முடிந்து அதே மண்டபத்தில் அமர்ந்திருந்தபோது ஒருவர் நாளேட்டை மடித்து வைத்துவிட்டு, “சந்தனக் கட்டை திருடினவங்கதானே, சும்மா விடுவாங்களா?” என்றார். சிலர் தலையசைத்தனர். சிலர் பேச்சை மாற்றினர். நாம் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமை உடன்பாடு ஆகுமா ஆகாதா என்பதைப் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கின்றோம். அங்கே இருந்த எவருக்கும், மண்டபத்துக்கு அடுத்த அறையில் அரைக்குங்கல்லின் அருகே இருந்த நம் கட்டை நினைவுக்கு வரவில்லை. வாச்சாத்தியான் வெட்டினால் திருட்டு. வாங்கியவன் கையில் அது வழிபாட்டுப் பொருள். வெட்டியவனுக்குக் கிடைத்தது ஒரு நாட்கூலி. வாங்குகின்றவன் இருப்பதனாலன்றோ காட்டில் கோடரி விழுகிறது?

அன்று வேறொரு பெரியவர் சொன்ன சொல்லும் செவியில் நிற்கிறது. “எல்லாம் அவரவர் முன்வினை” என்றார் அவர். இச்சொல்லைச் சற்று நின்று ஆராய வேண்டும். ஏனெனில் இதனை நாம் மிக எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். அதுவும் பிறர் துன்பத்துக்கு மட்டும் சொல்கின்றோம். நம் வீட்டில் களவு போனால் முன்வினை என்று வாளா இருப்பதில்லை. விடியுமுன் காவல் நிலையத்துக்குச் செல்கின்றோம். நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரை அழைக்கின்றோம். வினை உதயத்துக்கு வருவது உண்மை. ஆனால் ஒருவனுடைய உதயத்துக்கு மற்றொருவன் நிமித்தமாக நின்று துன்பம் இழைத்தால், இழைத்தவன் தன் எண்ணத்தாலும் சினத்தாலும் புதிய வினையைக் கட்டிக்கொள்கின்றான். பார்த்து நின்று ஒப்பியவனும் கட்டிக்கொள்கின்றான். துன்புற்றவரின் பழங்கணக்கைப் படித்துச் சொல்லும் உரிமை கேவல ஞானிக்கு உண்டு. அரை நாழிகை நாளேடு படித்த நமக்கு இல்லை. உவர்ப்பும் காழ்ப்பும் இன்றி எவ்வுயிர்க்கும் இரங்குவது நற்காட்சியின் அடையாளங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்க, வினைக் கொள்கையைக் கொண்டே இரக்கத்தைக் கொல்வது எத்தகைய நற்காட்சி?

தீர்ப்புக்கு முன்னரே இறந்துபோன ஐம்பத்து நால்வரையும் எண்ணிப் பார்க்கின்றோம். சட்டத்தின் கை சுடுகாட்டு வாயிலில் நின்றுவிட்டது. அவர்களிலும் பலர், மேலிடத்து ஆணை என்று வண்டியில் ஏறி வந்த சிறிய ஊழியர்களாகவே இருந்திருப்பர். பிள்ளை குட்டி உடையவர்கள். அவர்கள் சென்ற கதியை நாம் அறியோம். சபிக்கவும் மனமில்லை. அன்று மாலை அரூர் வந்து சேர்ந்தபின் ஒருவரேனும் கிணற்றடியில் நின்று கை கழுவும்போது என்ன எண்ணினாரோ என்றே நினைக்கத் தோன்றுகிறது.

2023ஆம் ஆண்டுத் தீர்ப்பினைப் படித்த மறுநாள் நாம் அச்சினாலயத்துக்குச் சென்றோம். பூசை செய்யும் உபாத்தியாயரிடம் பழைய சந்தனக் கட்டையைப் பற்றிக் கேட்டோம். ஒரு கட்டை எப்போதோ அரைத்துத் தீர்ந்துவிட்டது. மற்றொன்று பாதிக்கு மேல் தேய்ந்த நிலையில், பழைய துணியில் சுற்றி, திருவாபரணப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. முழங்கை அளவுதான் இருக்கும். மணம் போகவில்லை.

இதனை ஆலயக் குழுவின் முன் வைத்தோம். கருத்து ஒன்றுபடவில்லை. வனத்துறையிடம் கடிதத்தோடு ஒப்படைத்துவிடலாம் என்றார் இளைஞர் ஒருவர். முப்பது ஆண்டுக்கு முன் நடந்ததற்கு இப்போது போய் வழக்கில் மாட்டிக்கொள்வதா என்று அஞ்சினார் மற்றொருவர். பெருமானுக்கென்று வந்துவிட்ட பொருளைத் திருப்பி எடுக்கலாமா என்பது மூத்தவர் ஒருவரின் ஐயம். கொண்டுவந்து கொடுத்த அன்பர் இப்போது இல்லை. அவர் மகன் குழுவில் இருக்கின்றார். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அன்றைய சந்தை விலையில் குறைந்த தொகையைக் கணக்கிட்டுத் தாமே தந்துவிடுவதாகவும், அதனை வாச்சாத்திப் பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்க்க வழி இருந்தால் பார்க்குமாறும் கூறினார். அது கட்டையைப் பற்றிய கேள்விக்கு விடை ஆகாது என்று இளைஞர் சொன்னார். அவர் சொன்னதும் சரியே.

இப்போதைக்கு ஒன்றில் மட்டும் எல்லோரும் உடன்பட்டோம். அக்கட்டையை அரைப்பதில்லை. பூசைக்கு இரசீதோடு வாங்கிய சந்தனமே வருகிறது. விலை மிகுதி என்பதால் சிறிதளவே சார்த்துகின்றோம். மற்றவை அடுத்த தசலட்சணத்தின்போது கூடிப் பேசித் தீர்மானிப்பதாக ஒத்தி வைக்கப்பட்டுள்ளன. இதே போன்ற கட்டை வேறு ஊர்ச் சினாலயங்களிலும் இருக்கக்கூடும். அங்கே என்ன செய்தீர்கள் என்பதை அன்பர்கள் எழுதினால் எங்கள் குழுவுக்கு உதவியாக இருக்கும்.